மூன்றாம் எண் படுக்கை

ஜனவரி 9

அம்மாவுக்கு,

இது நலம் விசாரிக்கும் கடிதம் இல்லை. ஒரு விஷயம் கேட்க வேண்டியிருக்கிறது. கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

நான் இப்போது மருத்துவப் படிப்பில் மூன்றாம் ஆண்டு. இந்தப் பருவத்திலிருந்து எங்கள் பல்கலைக்கழகத்தில் சில பாடங்களை வி.ஆர். முறையில் நடத்துகிறார்கள். கண்ணை முழுதாக மூடும் ஹெட்செட் ஒன்றை மாட்டிவிடுவார்கள். மாட்டியதும் வகுப்பறை மறைந்து ஆஸ்பத்திரி வார்டு வந்துவிடும். திரும்பினால் ஜன்னல், குனிந்தால் தரை. கட்டிலில் ஒரு நோயாளி இருப்பார். நாம் பேசுவதைக் கேட்டு, எந்தப் பதிலைச் சொல்ல வைப்பது என்று கருவியே தேர்ந்தெடுக்கும். உண்மையான நோயாளியிடம் தப்புப் பண்ணுவதற்கு முன் இங்கே தப்புப் பண்ணிப் பழகட்டும் என்பதுதான் யோசனை.

நேற்று எங்கள் பிரிவின் முறை. கெட்ட செய்தியைச் சொல்லும் பாடம். "மூணாம் நம்பர் பெட். ஐம்பத்திரண்டு வயசு அம்மா. வயித்துல கட்டி, புற்றுநோய்னு ரிசல்ட் வந்திருக்கு. அவங்களுக்கு இன்னும் தெரியாது. போய்ச் சொல்லுங்க," என்றார் பேராசிரியை. நான் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு திரும்பினேன்.

கட்டிலில் நீ உட்கார்ந்திருந்தாய்.

நீல நிற ஆஸ்பத்திரி உடுப்பு. முடியைப் பின்னாமல் அள்ளி முடிந்திருந்தாய். கட்டைவிரல் நகத்தைத் தேய்த்துக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்து, "உக்காருங்க டாக்டர். நின்னுட்டே சொன்னா எனக்குப் பயமா இருக்கு," என்றாய்.

நான் ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். தலை சுற்றுகிறது என்று சொன்னேன். அதை மாட்டினால் பலருக்கும் குமட்டும். அதனால் நம்பிவிட்டார்கள்.

இது எப்போது நடந்தது? யார் கேட்டார்கள், நீ ஏன் ஒப்புக்கொண்டாய்? உன் முகம் எங்கெங்கே போயிருக்கிறது என்று உனக்குத் தெரியுமா?

போன் செய்யாதே. உன் குரலைக் கேட்டு எது நிஜம், எது நடிப்பு என்று பிரித்துப் பார்க்க என்னால் முடியாது. எழுது.

மகள்


ஜனவரி 17

என் சிடுமூஞ்சிக்கு,

கவரில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. நான் நின்ற நிலையைப் பார்த்துத் தபால்காரர், "என்னம்மா, நல்ல சேதியா?" என்றார். "என் பொண்ணு திட்டி எழுதியிருக்கா," என்றேன். அப்போது கவரைப் பிரிக்கவே இல்லை. பிரித்துப் பார்த்தேன், சொன்னபடியே இருந்தது. அவரிடம் மறுநாள் பெருமையாகச் சொன்னேன்.

இரண்டரை வருஷம். நான் எழுதியதற்குப் பதில் இல்லை, போனை எடுக்கவும் இல்லை. கடைசியில் உன்னிடமிருந்து ஒரு கடிதம் வாங்க நான் புற்றுநோய் வந்து கட்டிலில் உட்கார வேண்டியிருந்தது பார். கோபப்படாதே, விளையாட்டுக்குச் சொன்னேன்.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். எங்கள் நாடகக் குழு வருஷத்துக்கு இரண்டு நாடகம் போட்டாலே பெரிய விஷயம் என்று ஆகிவிட்டது. இங்கிருக்கும் மருத்துவக் கல்லூரியில், மாணவர்கள் பேசிப் பழக நோயாளி வேஷம் போட ஆள் தேடினார்கள். போனேன். நெஞ்சு வலிக்காரி, சர்க்கரைக்காரி, மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாமல் டாக்டரையே திட்டுகிறவள். எல்லா வேஷமும் போட்டாயிற்று. உள்ளே வரும் பிள்ளைகளுக்குக் கேட்க வேண்டிய கேள்வியே மறந்துவிடும். பாவமாக இருக்கும்.

அங்கேதான் ஒரு கம்பெனிக்காரர்கள் என்னைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்கள். போன வருஷம். ஒரு பெரிய கூடம், நாலா பக்கமும் கேமரா. கட்டில் என்று ஒரு பச்சைப் பெட்டியைக் காட்டினார்கள். முகம் முழுக்கப் புள்ளி புள்ளியாக ஒட்டினார்கள், அம்மை வார்த்தவள் மாதிரி இருந்தேன். "டாக்டர் எங்கங்க?" என்று கேட்டேன். இயக்குநர் ஒரு கம்பியின் நுனியில் சிவப்புப் பந்தைச் செருகி நிறுத்தி, "இதுதாம்மா டாக்டர். இதோட கண்ணப் பாத்துப் பேசுங்க," என்றார். பந்துக்கு ஏது கண்?

டாக்டர் நின்றால் ஒரு பதில், உட்கார்ந்தால் ஒரு பதில். மென்று விழுங்கினால் ஒன்று, பொய் சொன்னால் ஒன்று, பட்டென்று போட்டு உடைத்தால் ஒன்று. ஒரு வாரம் அந்தப் பெட்டிமேல் உட்கார்ந்து, சாகப் போகிறேன் என்ற செய்தியை விதவிதமாகக் கேட்டுக்கொண்டேன். எங்கெங்கேயோ இருக்கும் கல்லூரிகளுக்குப் போகும் என்றார்கள். சரி என்று கையெழுத்துப் போட்டேன்.

நான் எப்படித் தெரிந்தேன்? குண்டாகவா? கேமரா ஊதிக் காட்டும் என்பார்களே. நீ என்னிடம் என்ன சொன்னாய்? எழுந்து ஓடிவிட்டால் மார்க் தருவார்களா? நன்றாகச் சாப்பிடுகிறாயா என்று கேட்க வாய் வருகிறது, நீ கோபித்துக்கொள்வாய் என்று கேட்கவில்லை.

உன் அம்மா


ஜனவரி 29

அம்மாவுக்கு,

குண்டாகத் தெரியவில்லை. இளைத்திருக்கிறாய்.

ஓடிப் போனதற்கு மார்க் கிடையாது. அதனால் மறுபடி போனேன். இந்த முறை உட்கார்ந்தேன். சொல்ல வேண்டியதை ஒரே மூச்சில் சொன்னேன். கட்டியின் பெயர், எந்த நிலை, அடுத்து என்ன சிகிச்சை. நீ கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் புரியல டாக்டர்," என்றாய். மறுபடி சொன்னேன். அழுதாய். அழுகிறவரிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் மருந்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தேன். நான் தேறவில்லை. "நோயாளிக்கு நேரம் தரவில்லை" என்று கருவி எழுதிக் காட்டியது.

அது போகட்டும். நடுவில் நீ சொன்ன ஒன்றைத்தான் கேட்க வேண்டும். "என் பொண்ணுகிட்ட மட்டும் இப்ப சொல்லாதீங்க டாக்டர். அவளுக்குப் பரீட்ச நடக்குது."

அந்த வசனத்தை யார் எழுதியது?

வெளியூரில் தங்கி நான் நுழைவுத் தேர்வு எழுதிய நாலு நாளும் மாலையில் போனில் அப்பாவைக் கேட்டேன். நாலு நாளும் "அப்பா தூங்குறார்" என்றாய். கொட்டாவி விட்டுக்கொண்டுகூடச் சொன்னாய். கடைசித் தேர்வு எழுதிவிட்டு வீட்டுக்கு வந்தேன், அப்பா இல்லை. நாலு நாள் அவர் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். அந்த நாலு நாள் என்னுடையதும்தான். நீ எடுத்துக்கொண்டாய்.

முதல் ஆண்டில் எங்களுக்கு வேறு மாதிரிக் கண்ணாடி ஒன்று தருவார்கள். அதைப் போட்டுக்கொண்டால் நம் மேசை, நம் கை எல்லாம் அப்படியே தெரியும், ஆனால் மேசைக்கு மேலே ஓர் இதயம் மிதந்துகொண்டு துடிக்கும். சுற்றி நடந்து பார்க்கலாம். அப்பாவுக்கு எந்தக் குழாய் அடைத்தது என்று அதில் தேடிக் கண்டுபிடித்தேன். தொட்டுப் பார்க்கப் போனால் விரல் அதன் ஊடே போய்விடும். மற்றவர்கள் அடுத்த பாடத்துக்குப் போன பிறகும் நான் அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றேன்.

அப்பா போனபோது நீ என் முன்னால் ஒரு சொட்டு அழவில்லை. இங்கே, யாரென்றே தெரியாத மாணவர்கள் முன்னால், தினமும் அழுகிறாய். இதில் எது நடிப்பு?

மகள்


பிப்ரவரி 8

மகளுக்கு,

உடனே எழுதியிருந்தால் கைக்குக் கிடைத்ததை எடுத்து வீசியது மாதிரி இருந்திருக்கும். அதனால் சில நாள் பேனாவைத் தொடவில்லை.

வசனத் தாளில் இருந்தது, "என் குடும்பத்தில் யாரிடமும் சொல்ல வேண்டாம், டாக்டர்" என்பது மட்டும். நோயாளி அப்படிக் கெஞ்சினால் மாணவர் என்ன செய்கிறார் என்று பார்ப்பதற்கு வைத்த இடம். பெண்ணும் பரீட்சையும் தாளில் இல்லை. என் வாயில் வந்தன. இயக்குநர், "இதையே வச்சுக்கலாம்மா, நெஜம் மாதிரி இருக்கு," என்றார். நான் முகம் கழுவப் போய்விட்டேன். புள்ளியெல்லாம் உதிர்ந்து, மறுபடி உட்கார வைத்து ஒட்டினார்கள்.

அழுதது நடிப்பு. மறைக்க என்ன இருக்கிறது? அழுகை என் தொழில். எந்தக் கண்ணில் முதலில் வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு அழுவேன். உன் அப்பா போனபோது உன் முன்னால் அழாததும் அதனால்தான். அழுதால் அதையும் நடிப்பு என்று நினைத்துவிடுவாயே! குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். உனக்குக் கேட்டிருக்காது. கேட்கக் கூடாது என்றுதான் திறந்தேன்.

அந்த நாலு நாளைப் பற்றி நீ என்னிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. தீர்ப்பை மட்டும் சொன்னாய். முதல் நாளே அவர் வாயில் குழாய் போட்டுவிட்டார்கள், பேச்சு இல்லை. நான் வராந்தாவுக்கு வந்து உன் நம்பரை அழுத்தினேன். "உடனே கெளம்பி வா." இந்த ஒரு வாக்கியத்தை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். நீ எடுத்தாய். நான் வாயைத் திறப்பதற்குள், "அம்மா! கெமிஸ்ட்ரில பிச்சு உதறிட்டேன்மா! போன அப்பாகிட்ட குடு!" என்றாய். அப்படி ஒரு சந்தோஷம் உன் குரலில். "அப்பா தூங்குறார்" என்று வந்துவிட்டது. யோசித்துச் சொன்னதில்லை. மறுநாள் அதைக் காப்பாற்ற இன்னொன்று. அதற்கு மறுநாள் கொட்டாவி.

நான் செய்தது சரி என்று சொல்ல வரவில்லை. தப்பு என்று சொல்லவும் மனசு வரவில்லை. நீ டாக்டராகிக்கொண்டிருக்கிறாய், அந்தப் பரீட்சையை எழுதியவள் யார் என்று பார்த்தால் நானும்தான்.

நீ இந்த வீட்டைவிட்டுப் போன அன்று பெட்டியை எடுத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் படியிறங்கினாய். "போயிட்டு வரேன்" என்று சொல்லுவாய், பதிலுக்குச் சொல்ல வேண்டும் என்று நான் சமையலறையில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். வாசல் கதவுதான் பேசியது.

அந்தக் கூடத்தில் கடைசி நாள். எல்லாம் முடிந்தது, விளக்கை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தார்கள். பந்து மட்டும் எதிரே அப்படியே நின்றது. நீ நாற்காலியில் உட்கார்ந்தால் உன் தலை எந்த உயரத்தில் வருமோ அந்த உயரம். அதைப் பார்த்து ஒன்று சொன்னேன். அதையும் வைத்துக்கொண்டார்களா, வெட்டி எறிந்துவிட்டார்களா, தெரியாது.

என்ன சொன்னேன் என்று எழுத மாட்டேன். எது நடிப்பு என்று கேட்டாய் அல்லவா? அது இல்லை.

அம்மா


பிப்ரவரி 20

அம்மாவுக்கு,

தேடினேன். கிடைக்கவில்லை.

எல்லா வழியிலும் பேசிப் பார்த்தேன். நின்றுகொண்டு பேசினேன். கட்டிலுக்கு மறுபக்கம் போய்ப் பேசினேன். நோயே இல்லை என்று பொய் சொன்னேன். "நீங்க என் கண்ணப் பாத்துப் பேசலையே டாக்டர்," என்றாய். ஒரு நாள் பொறுமை போய்க் கத்திவிட்டேன். "என்ன கோவம்னாலும் மெதுவாப் பேசுங்க, பக்கத்து பெட்ல தூங்குறாங்க," என்றாய். பக்கத்துப் படுக்கையில் யாருமே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வகுப்பு நேரம் போகப் பயிற்சிக்கூடம் திறந்திருக்கும்போதெல்லாம் போகிறேன்.

பேராசிரியை என்னைக் கூப்பிட்டார். "எல்லாரையும்விட நீதான் அதிகமாப் பயிற்சி எடுத்திருக்க. எல்லாரையும்விட மார்க்கும் கம்மி. இது எப்படி?" என்றார். சொல்லிவிட்டேன்.

"உங்க அம்மாவா அது?" என்றார். பிறகு, "மொதல்லயே சொல்லியிருக்கலாமே. வேற பாடத்துல ஒரு வயசானவர் இருக்காரு, அவரத் தரேன். மார்ச்ல தேர்வு. அதுல தேறலன்னா இந்தப் பருவத்தையே மறுபடி படிக்கணும். தெரியுமில்ல?"

"தெரியும் மேடம்."

"அப்புறம்?"

"யோசிச்சுச் சொல்றேன் மேடம்."

வெளியே வரும்போது இன்னொன்றும் சொன்னார். அடுத்த பருவத்துக்குக் கம்பெனிக்காரர்கள் புதிய நோயாளியை அனுப்புகிறார்களாம். பழைய பாடங்களை எடுத்துவிடுவார்களாம்.

நீ என்ன சொன்னாய்? ஒரு வரியாவது எழுதேன்.

மகள்


மார்ச் 1

சிடுமூஞ்சி,

எழுத மாட்டேன்.

அந்த வயசானவரைக் கேட்டு வாங்கிக்கொள். என்னை விட்டுவிடு. நீ அங்கே தினமும் என்னிடம் வந்து "உனக்குப் புற்றுநோய்" என்கிறாய், நான் தினமும் அழுகிறேன், நீ தினமும் தோற்றுப்போகிறாய். நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் உன்னைப் பெற்றது இதற்கா? ஒரு பருவம் வீணாகிப்போனால் நீ அதற்கும் என்னைத்தான் சொல்லுவாய்.

அந்தக் கம்பெனிக்கே போய்விட்டேன். என்னை அந்தக் கட்டிலிலிருந்து எழுப்பிவிடுங்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் வித்தாச்சும்மா, திரும்ப வாங்க முடியாது," என்றார் இயக்குநர். எப்படியும் வரும் பருவத்திலிருந்து நான் இல்லையாம். இனி கம்ப்யூட்டரே ஒரு முகத்தைச் செய்துவிடுமாம். காட்டினார். நல்ல முகம்தான். யாருடைய சாயலும் இல்லை. அதற்கு இருமல் வராது, வசனம் மறக்காது, காபி கேட்காது. "அதுக்குக் கோவம் வருமா?" என்று கேட்டேன். "வர வைக்கலாம்மா," என்றார். மருத்துவக் கல்லூரியிலும் இனி ஆள் கூப்பிட மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

உனக்காக எழுப்பச் சொன்னேனே தவிர, எழுப்பிவிடுவார்கள் என்று கேட்டதும் மனசுக்கு என்னவோபோல் இருந்தது. உன்னைத் தினமும் பார்க்கிற இடம் எனக்கு அது ஒன்றுதான் இருந்தது. பார்த்தேனா என்றால் அதுவும் இல்லை. நீயாவது என் முகத்தைப் பார்த்துவிட்டாய். நான் பார்த்தது சிவப்புப் பந்து.

உன் முடி இப்போது நீளமா, வெட்டிவிட்டாயா? கண்ணாடி போட்டிருக்கிறாயா? சின்ன வயசில் டி.வி.க்குப் பக்கத்தில் போய் உட்காருவாய், போட வேண்டி வரும் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். நான் நினைத்துக்கொள்ளும்போதெல்லாம் உனக்குப் பள்ளிக்கூடத்து ரெட்டைப் பின்னலே வருகிறது. ரெட்டைப் பின்னல் போட்டுக்கொண்டு எந்த டாக்டர் வார்டுக்குள் வருவாள்?

அந்த வயசானவரைக் கேள். சொல்பேச்சைக் கேள்.

அம்மா


மார்ச் 15

அம்மாவுக்கு,

நேற்று தேர்வு. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

வயசானவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "இது தேர்வு. பாசம் காட்டற எடமில்ல," என்றார் பேராசிரியை. "தெரியும் மேடம்," என்றேன். அவர் ஹெட்செட்டைத் தானே மாட்டிவிட்டு, பின்பக்கப் பட்டையை இறுக்கிவிட்டார். நான் பார்ப்பதும் கேட்பதும் எல்லோருக்கும் தெரியும்படி சுவரில் திரை இருந்தது. காத்திருந்த மாணவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நீ நகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாய். நீ கூப்பிடுவதற்கு முன்பே நான் உட்கார்ந்துவிட்டேன். அதனால் இதுவரை நான் கேட்காத ஒன்றைச் சொன்னாய்.

"வந்ததும் உக்காந்துட்டீங்களே. அப்ப பெரிய விஷயம்தான்."

"ஆமாம்மா," என்றேன். நோயாளியை டாக்டர்கள் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். யாருக்கும் எதுவும் தோன்றியிருக்காது. "ரிசல்ட் வந்திருக்கு. நாம நெனச்ச மாதிரி இல்ல. வயித்துல இருக்கறது புற்றுநோய்க் கட்டிம்மா."

முன்பெல்லாம் இந்த இடத்தில் மருந்து, அறுவை என்று எதையாவது கொட்டிவிடுவேன். நேற்று கைகளை மடியில் வைத்துக்கொண்டு உன்னையே பார்த்தேன். உன் கண் நிறைந்தது. நடிப்பு என்று தெரியும், நீயே எழுதிவிட்டாய். அப்படியும் நீ துடைத்துக்கொள்ளும்வரை காத்திருந்தேன்.

பிறகு அதைச் சொன்னாய். "என் பொண்ணுகிட்ட மட்டும் இப்ப சொல்லாதீங்க டாக்டர். அவளுக்குப் பரீட்ச நடக்குது."

"சொல்லிடுங்கம்மா. பரீட்சய மறுபடி எழுதிக்கலாம். அவ உங்க பக்கத்துல இருக்கணும்னுதான் நெனப்பா."

"சரிதான் டாக்டர். ஆனா எப்படிச் சொல்றது? அவ குரலக் கேட்டா எனக்கு வாயே வராதே."

இதற்குப் பதில் தயாராக வைத்திருந்தேன். பாடத்தில் அழகாகப் போட்டிருக்கிறது. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன், வரவில்லை. அம்மா, அந்த நாற்காலியில் உட்கார்ந்து உன்னிடம் ஒரு வாக்கியத்தை ஒழுங்காகச் சொல்ல எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. அதுவும் இல்லாத நோய். நீயும் அங்கே இல்லை. உன்னை நான் ஒரு வராந்தாவில் நிற்கவைத்துப் பார்த்தேன். கையில் போன். அந்தப் பக்கம் கெமிஸ்ட்ரியைப் பற்றிக் கத்திக்கொண்டிருக்கும் ஒரு பெண்.

"தெரியலம்மா," என்றேன். "எனக்கும் தெரியல. கஷ்டம்தான்."

கருவிக்குப் புரிந்ததோ என்னவோ, நீ தலையை ஆட்டினாய்.

மணி அடித்தது. மணி அடித்ததும் எழுந்து ஹெட்செட்டைக் கழற்றிவிட வேண்டும். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள், நானும் இத்தனை நாள் அப்படித்தான் செய்தேன். நேற்று எனக்கு எழுந்திருக்க முடியவில்லை. உட்கார்ந்தே இருந்தேன். நீ ஜன்னலைப் பார்த்தாய். போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாய். யாரோ என் தோளைத் தொட வந்தார்கள். "இருங்க," என்று பேராசிரியையின் குரல் கேட்டது. வார்டு மெல்ல இருட்டத் தொடங்கியது. அப்போது நீ என் பக்கம் திரும்பினாய். உன் முகம் மாறிவிட்டது. நோயாளி முகம் இல்லை, நம் வீட்டு முகம்.

"போயிட்டு வா, சிடுமூஞ்சி," என்றாய்.

திரையில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ஒரு நோயாளி டாக்டரைச் சிடுமூஞ்சி என்றால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? பாதி வகுப்பு இப்போது என்னை அப்படித்தான் கூப்பிடுகிறது. நான், "போயிட்டு வரேன்மா," என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். அதற்குள் முழுக்க இருட்டிவிட்டது.

பேராசிரியைதான் ஹெட்செட்டைக் கழற்றினார். "துணி அங்க இருக்கு. உள்பக்கம் தொடச்சுட்டு அடுத்தவங்களுக்குக் குடு, ஈரமா இருக்கும்," என்றார். அவர் கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

தேறிவிட்டேன். கடைசிக் கேள்விக்குச் சரியான பதில் சொல்லவில்லை என்று மார்க் குறைத்திருக்கிறார்கள். நியாயம்தான்.

அந்த நாலு நாளை நான் விட்டுவிட்டேன் என்று எழுதினால் பொய். இன்னும் வலிக்கிறது. ஆனால் அந்த வராந்தாவில் இப்போது நீ தனியாக நிற்கவில்லை, நானும் நிற்கிறேன்.

முடி தோள்வரைதான். கண்ணாடி போட்டிருக்கிறேன். அப்பா சொன்னது சரி.

ஏப்ரல் தொடக்கத்தில் விடுமுறை. நான் வரட்டுமா?

உன் மகள்


மார்ச் 24

என் பெண்ணுக்கு,

வா என்று மட்டும் எழுதி, கவரை ஒட்டி, தபால்பெட்டிவரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். நீ வருவதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். நின்றுகொண்டு படித்தால், எங்கேயாவது உட்கார்ந்துகொள்.

எனக்கு வலது காது கேட்கவில்லை. போன வருஷக் கடைசியில் ஒரு நாள் காலை எழுந்தபோது போயிருந்தது. சளியாக இருக்கும், தானாகச் சரியாகிவிடும் என்று நானே நாளைத் தள்ளிவிட்டேன். நரம்பு சம்பந்தப்பட்டது, உடனே வந்திருந்தால் மருந்து கொடுத்துப் பார்த்திருக்கலாம், இனி திரும்பாது என்றார் டாக்டர். உயிருக்கு ஒன்றும் இல்லை. இடது காது கொஞ்சம் மங்கல், ஆனால் எதிரே உட்கார்ந்து பேசினால் நன்றாகவே கேட்கிறது. போனில் பாதிக்குமேல் புரிவதில்லை. மேடையில் வலது பக்கம் நிற்கிறவர் பேசி முடித்தது தெரியாமல், என் முறை வந்தும் சும்மா நின்றுவிட்டேன், ஒரே நாடகத்தில் இரண்டு தடவை. அதனால் குழுவில் இனி எனக்கு வேஷம் இல்லை. மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

இவ்வளவுதான். பின்னால் சொல்லிக்கொள்ளலாம் என்று எதையும் எடுத்து வைக்கவில்லை. நீ வந்ததும் என் டாக்டரிடம் நீயே கேட்டுக்கொள், உங்கள் பாஷையில் பேசிக்கொள்ளுங்கள். இப்போது நீ படிக்கும்போது உன் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க முடியவில்லை, அது ஒன்றுதான் பயம்.

உன் கடிதத்தை எத்தனை தரம் படித்தேன் என்று சொல்ல மாட்டேன். அவர்கள் அதை வெட்டாமல் விட்டிருக்கிறார்களே! யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். உன் கூடப் படிக்கிற பிள்ளைகளிடம் சொல், அந்தப் பெயரைக் கூப்பிடும் உரிமை எனக்கு மட்டும்தான்.

வா. எந்த ரயில் என்று எழுது, ஸ்டேஷனுக்கு வருகிறேன். கூட்டத்தில் பின்னாலிருந்து கூப்பிடாதே. எனக்குக் கேட்காது, கவனிக்கவில்லை என்று நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாய். நேரே என் முன்னால் வந்து நில், நான் பார்த்துக்கொள்கிறேன். வீட்டுக்கு நடந்தே போகலாம். என் இடது பக்கமாக நட. பேசிக்கொண்டே வா.

அம்மா